பணியாளர் துறைக் காந்தம், எண் 4

என் பெயர், தகப்பனார் பெயர், அடையாள அட்டை எண் ஆகியவை முதல் தாளில் பதிவாகியுள்ளன. எனக்கு வயது நாற்பத்தாறு. அட்டைப்பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் பதினொரு ஆண்டுகளாகப் பணியாளர் துறை எழுத்தராக வேலை பார்த்து வருகிறேன். விலாசம் கேட்கப்பட்டபோது இரண்டு விலாசம் சொன்னேன். நேற்று மாலை வரை என் அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தேன். நேற்று இரவு முதல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள பெண்கள் விடுதியில், ஆறாம் எண் அறையில் இருந்து வருகிறேன். என் அக்காவின் கணவர்தான் மேற்படி தொழிற்சாலையின் மேலாளர். வீட்டில் அவரை அத்தான் என்றும், அலுவலகத்தில் சார் என்றும் அழைப்பேன்.

மூன்றாம் எண் இயந்திரத்தில் நடந்த விபத்து சம்பந்தமாக ஏப்ரல் 26ஆம் தேதி இதே காவல் நிலையத்தில் நான் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று மூன்று இடங்களில் சொல்லியிருக்கிறேன். மூன்றும் பொய். இன்று, மே 21ஆம் தேதி, யாரும் அழைக்காமல் நானாக வந்து இதைச் சொல்கிறேன்.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதிகாரி அவர்கள் "அதெல்லாம் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்லுங்க" என்றார். இதைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்ல முடியாது என்றேன். வருகைப் பதிவு, விடுப்புக் கணக்கு, அலுவலகப் பொருள்களை வாங்குவது, கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. ஒரு பேனா போனாலும் யாரிடம் போனது என்று எழுதி வைப்பேன். அதற்கென்று நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. வேலை செய்பவர்கள் எனக்கு ரிஜிஸ்டர் அக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் வந்தவர்களுக்கு வரிசை எண் போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன் என்று அக்கா கேலி செய்வாள். அது உண்மைக்கு வெகு தூரமில்லை.

என் மேசைக்குப் பின்னால் இரும்புத் தகட்டு அறிவிப்புப் பலகை ஒன்று உண்டு. தாள்களை அதில் நிறுத்துவதற்கு நான்கு காந்தங்கள் வாங்கி வைத்திருந்தேன். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். ஒவ்வொன்றின் அடியிலும் கறுப்பு மையில் 1, 2, 3, 4 என்று நானே எண் எழுதினேன். மஞ்சள் காந்தம் எண் 4. இந்த நான்கும் அப்போது ஒரே ஒரு தாளைப் பிடித்துக்கொண்டிருந்தன. அதில் "பாதுகாப்பே முதல் வேலை" என்று எழுதியிருந்தது.

பிப்ரவரி 4ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு மேலாளர் என் மேசைக்கு வந்து, ஒரு காந்தம் வேண்டும் என்று சொல்லி மஞ்சளை எடுத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். "மூணாம் நம்பர் கதவு ரொம்பத் தொல்லை குடுக்குது" என்றார். நான் நீல நோட்டில் "காந்தம் 1, எண் 4, மேலாளர்" என்று எழுதி நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே சுருக்கொப்பம் போட்டார். அதன்பின் பாதுகாப்புத் தாளின் வலது கீழ் மூலை சுருண்டு நின்றது.

மூன்றாம் எண் இயந்திரம் அட்டையை அழுத்தி வெட்டி மடிப்புக் கோடு போடுவது. பக்கவாட்டில் ஒரு கதவு. கதவைத் திறந்தால் இயந்திரம் தானாக நின்றுவிடும். கதவு மூடியிருக்கிறதா என்பதை அது ஒரு காந்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. தனியாக வேறொரு காந்தத்தை அந்த இடத்தில் ஒட்டிவிட்டால், கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக நினைத்து ஓடிக்கொண்டே இருக்கும். அட்டை சிக்கும்போதெல்லாம் நிறுத்தி மறுபடி ஓட்ட நான்கு நிமிடம் பிடிக்கும். அந்த மாதம் அவசர வேலை நிறைய இருந்தது. இதெல்லாம் எனக்கு அன்றே தெரியும். பதினொரு ஆண்டு அங்கே இருந்தவளுக்குத் தெரியாது என்று சொன்னால் யாரும் நம்பக்கூடாது.

அதன்பின் மார்ச் மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வாளர் அம்மா ஒருவர் வந்தார். பணியிட நேர்மை, தலைமைப் பண்பு, பணியாளர் நடத்தை ஆகியவை குறித்த ஆய்வு என்று கடிதம் கொண்டுவந்தார். முப்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம். "என் மேலாளர் சொல்வதைச் செய்கிறார்", "தவறைச் சுட்டிக்காட்டினால் என் மேலாளர் வரவேற்பார்" என்பது போன்ற வாக்கியங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். கடைசிக் கேள்விக்கு மட்டும், வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதுவதற்கு, நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள். பெயர் எழுதக்கூடாது. அவர் எல்லோரையும் உணவுக்கூடத்தில் உட்காரவைத்து, "நீங்க எழுதறதை உங்க கம்பெனியில யாரும் பாக்க மாட்டாங்க. இது என் வாக்கு" என்று சொன்னார். நானும் அங்கே நின்று கேட்டேன்.

படிவங்களைப் போட ஒரு பெட்டி வேண்டும் என்றார். பெட்டி செய்யும் இடத்தில் வந்து பெட்டி கேட்டால் எங்களுக்குக் கேட்கவா வேண்டும். மாதிரிப் பெட்டி செய்பவரிடம் சொன்னேன். அவர்தான் இந்த வழக்கில் காயம்பட்டவர். வயது முப்பத்தெட்டு. எந்தக் கூட்டத்திலும் கடைசியில் கையைத் தூக்கி ஒரு கேள்வி கேட்பார் என்பதால் எல்லோரும் அவரைக் கேள்விக்காரர் என்பார்கள். கத்தியும் அளவுகோலும் வைத்துக் கையாலேயே மாதிரிப் பெட்டி வெட்டுவது அவர் வேலை. அந்த வேலையில் அவருக்கு நிகராக வேறு யாரும் எங்களிடம் இல்லை. இருபது நிமிடத்தில் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். படிவத்தாள் ஒன்றை உள்ளே போட்டுக் குலுக்கிக் காட்டினார். தாள் அசையவில்லை. "பெட்டின்னா உள்ள இருக்குறது ஆடக் கூடாது மேடம்" என்றார். தாள் அளவுக்கே கச்சிதமாகச் செய்திருந்தார். வேறு ஊழியர்கள் யாராவது செய்திருந்தால் ஏதோ ஒரு பழைய பெட்டியில் ஓட்டை போட்டிருப்பார்கள். தாள்கள் உள்ளே தாறுமாறாகக் கிடந்திருக்கும்.

மார்ச் 12ஆம் தேதி, புதன்கிழமை, மதியம் இரண்டு மணியிலிருந்து ஒவ்வொருவராக வந்து படிவத்தைப் போட்டார்கள். ஆய்வாளர் அம்மா வாசலில் நின்று நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். நான் பெட்டிக்குப் பக்கத்தில் வருகைப் பட்டியலோடு உட்கார்ந்து, ஒருவர் போட்டதும் அவர் பெயருக்கு நேரே வரிசை எண் எழுதினேன். யாரும் சொல்லவில்லை. யாராவது விட்டுப்போய்விடக் கூடாதே என்று எழுதினேன். படிவத்தில் பெயர் எழுதக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். படிவத்தில் யாரும் எழுதவில்லை. நான் பெயருக்கு நேரே எண் எழுதினேன். இரண்டும் வேறு வேறு என்று அப்போது நினைத்தேன். மொத்தம் அறுபத்தொரு பேர் போட்டார்கள். நான் நாற்பதாவது. தவறைச் சுட்டிக்காட்டினால் மேலாளர் வரவேற்பாரா என்ற கேள்விக்கு ஐந்து போட்டேன்.

ஆய்வாளர் அம்மாவுக்கு வேறு தொழிற்சாலைக்குப் போக வேண்டியிருந்தது. பெட்டியின் வாயைப் பழுப்பு நாடாவால் ஒட்டி, மறுநாள் காலை வந்து எடுத்துக்கொள்வதாக என் பொறுப்பில் விட்டுப் போனார்.

அன்று மாலை நாலரை மணிக்கு மேலாளர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "ஒரு பார்வை பாத்துட்டு ஒட்டி வச்சிடலாம். நம்ம ஆளுங்க மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தானே சரி பண்ண முடியும்?" என்றார். என் பிளேடால் நாடாவை நான்தான் கீறினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படிவத்திலும் கடைசிக் கேள்வியை மட்டும் படித்தார். நான் எதிரே நின்றேன். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் உடனே குறித்துக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமையே தாழ்ப்பாள் வந்துவிட்டது. உணவுக்கூடத்து மின்விசிறி ஹெலிகாப்டர் மாதிரி சத்தம் போடுகிறது, ஆனால் பறக்க மாட்டேன் என்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். இருவரும் சேர்ந்து சிரித்தோம். அவர் கெட்டவர் என்று இங்கே எழுத வேண்டாம். யார் பிள்ளை எந்த வகுப்பு என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். என் கணவர் இறந்த பிறகு எனக்கு வேலையும் தங்க இடமும் கொடுத்தவர் அவர்தான்.

அதன்பின் ஒரு படிவத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். அதில் எழுதியிருந்தது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. "மூன்றாம் எண் இயந்திரத்தின் கதவில் தனிக் காந்தம் ஒட்டியிருக்கிறது. கதவு திறந்திருந்தாலும் இயந்திரம் நிற்பதில்லை. யாருக்காவது கை போய்விடும். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை."

மேலாளர், "இது யாரும்மா?" என்றார். அலுவலகத்தில் அவர் என்னை மேடம் என்றுதான் அழைப்பார்.

பெயர் இல்லை, தெரியாது என்று நான் சொல்லியிருக்கலாம். படிவத்தில் பெயர் இல்லை என்பது உண்மையும்கூட. நான் "கொஞ்சம் இருங்க" என்றேன். அந்தப் படிவம் இருந்த இடத்திலேயே அதை வைத்துவிட்டு, கட்டைத் திருப்பிப் போட்டு, விரலில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு அடியிலிருந்து எண்ணினேன். பெட்டி தாள் அளவுக்கே இருந்ததால் போட்ட வரிசை கலையவே இல்லை. இருபத்து மூன்றாவது தாள். பட்டியலில் இருபத்து மூன்றாம் எண்ணைப் பார்த்தேன். மாதிரிப் பெட்டிக்காரர் என்று சொன்னேன். உறுதி செய்துகொள்ள என் படிவம் நாற்பதாவதாக வருகிறதா என்றும் எண்ணிப் பார்த்தேன். வந்தது. அவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, "உன்னை மாதிரி ஒரு ஆள் இருந்தா போதும்மா" என்றார். அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாகவே இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். அதன்பின் அதே மாதிரி பழுப்பு நாடாவால் பெட்டியை ஒட்டினேன். மறுநாள் காலை ஆய்வாளர் அம்மா வந்து, பத்திரமாக வைத்திருந்ததற்கு நன்றி சொல்லி எடுத்துப் போனார்.

மார்ச் 17ஆம் தேதி, திங்கட்கிழமை, மாதிரிப் பெட்டிக்காரரை மூன்றாம் எண் இயந்திரத்துக்கு மாற்றும் உத்தரவை நான் தட்டச்சு செய்தேன். காலைக் கூட்டத்தில் மேலாளர் அதைச் சிரித்த முகத்தோடு அறிவித்தார். கேள்விக்காரர் வழக்கம்போலக் கையைத் தூக்கினார்.

"எனக்கு மெஷின் பழக்கமே இல்லையே சார்?"

"பழகினா வருது. மூணாம் நம்பர் மேல உங்களுக்குத்தான் அக்கறை அதிகமாமே? நீங்களே பத்திரமா ஓட்டிக் காட்டுங்க."

சிலர் கைதட்டினார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. கேள்விக்காரர் தூக்கிய கையை மெதுவாக இறக்கினார். வேறு கேள்வி கேட்கவில்லை.

மார்ச் 20ஆம் தேதி மதியம் அவர் என் மேசைக்கு வந்து மஞ்சள் காந்தத்தை வைத்தார். "உங்க போர்டுலேர்ந்து விழுந்திருக்கும் போல மேடம்" என்றார். அடியில் இருந்த எண்ணை அவர் பார்த்திருக்கிறார். யாரையும் குற்றம் சொல்லாமல், கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். நான் நோட்டில் "எண் 4, திரும்ப வந்தது" என்று எழுதிப் பலகையில் ஒட்டினேன். பாதுகாப்புத் தாள் நான்கு மூலையிலும் நேராக நின்றது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேலாளர் வந்தார். ஒன்றும் கேட்காமல் மஞ்சளைப் பலகையிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. நோட்டை நீட்டினேன். சுருக்கொப்பம் போட்டார். இந்த முறை சிரிக்கவில்லை. அந்தக் காந்தம் அதன்பின் இயந்திரப் பிரிவின் மேற்பார்வையாளரிடம் இருந்ததாகவும், வேலை நெருக்கும்போது ஒட்டுவதும் பிறகு எடுப்பதுமாக இருந்ததாகவும் கேள்விப்பட்டேன். அது நான் கண்ணால் கண்டதல்ல.

ஏப்ரல் 23ஆம் தேதி, புதன்கிழமை. கேள்விக்காரர் தினமும் கதவின் சட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இயந்திரத்தை ஓட்டத் தொடங்குவார் என்று பக்கத்து இயந்திரக்காரர் சொன்னார். அன்று காலைக் கூட்டம் நாற்பது நிமிடம் நீண்டது. கூட்டத்தின் பொருள் பாதுகாப்பு. வருகைக் குறிப்பு என்னிடம் இருக்கிறது. கூட்டம் முடிந்தபோது மேற்பார்வையாளர் இயந்திரத்தை ஓடவிட்டே வைத்திருந்ததால், கேள்விக்காரர் சட்டத்தைத் தடவிப் பார்க்காமல் நேரே போய் நின்றுகொண்டார். பதினொன்று இருபதுக்கு அட்டை ஒன்று சிக்கியது. கதவைத் திறந்தால் நின்றுவிடும் என்று திறந்து கையை விட்டார்.

எனக்கு அலறல் கேட்கவில்லை. மூன்றாம் எண்ணின் சத்தம் நின்றதுதான் கேட்டது. யாரோ ஓடிவந்து முதலுதவிப் பெட்டி கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு நீல நோட்டை எடுத்து, "பஞ்சு 1, கட்டுத்துணி 2" என்று எழுதினேன். அந்த வரி நோட்டில் இருக்கிறது. கையெழுத்து மட்டும் கொஞ்சம் மாறியிருக்கும். அவருக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. கட்டை விரலும் சுண்டு விரலும் மிச்சம். மருத்துவமனை வாசலில் மேலாளர் அழுதார். அது நடிப்பு இல்லை. பக்கத்தில் நான் நின்றேன்.

மறுநாள் உள்விசாரணை அறிக்கை ஒன்றை மேலாளர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். வேலையைச் சீக்கிரம் முடிப்பதற்காகத் தொழிலாளியே கதவில் காந்தத்தை ஒட்டினார் என்றும், அடியில் 4 என்ற எண் எழுதப்பட்ட அந்தக் காந்தம் குழந்தைகள் எண் பழகும் விளையாட்டுப் பொருள் என்றும், அவர் வீட்டில் சிறு குழந்தை இருப்பதால் அங்கிருந்து கொண்டுவந்திருக்கலாம் என்றும் அதில் உள்ளது. அந்த எண்ணை எழுதிய நானே அந்த வாக்கியத்தையும் தட்டச்சு செய்தேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒரு முறை படித்தும் பார்த்தேன். மேலாளர், "அந்த நீல நோட்டு?" என்றார். பக்கங்கள் முடிந்துவிட்டன, அலமாரிக்குள் வைத்துவிட்டேன் என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. என்னை நம்பினார்.

காந்தம் பணியாளர் துறைப் பலகையில் இருந்தது என்று கேள்விக்காரர் மருத்துவமனையிலேயே சொல்லியிருக்கிறார். அதை விசாரிக்கத்தான் ஏப்ரல் 26 அன்று என்னை அழைத்தார்கள். அப்படி ஒரு காந்தம் எங்களிடம் இருந்ததில்லை என்றேன். அதன்பின்தான் இயந்திரத்தின் பாதுகாப்பைக் கெடுத்ததாக அவர் மீதே நிறுவனம் புகார் கொடுத்தது. கை போனவர் குற்றவாளியானார். உணவுக்கூடத்தில், "என்ன இருந்தாலும் அவர் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது" என்று பேச ஆரம்பித்தார்கள். நானும் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். இறங்கியது.

மே 15ஆம் தேதி, வியாழக்கிழமை, பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு உறை வந்தது. ஆய்வின் சுருக்கமும் ஒரு பாராட்டுத் தாளும் இருந்தன. கலந்துகொண்ட பதினான்கு நிறுவனங்களில், பயமின்றிக் கருத்துச் சொல்லும் சூழலுக்கும் நேர்மையான தலைமைக்கும் எங்கள் தொழிற்சாலைக்கே அதிக மதிப்பெண். ஐந்துக்கு நாலு புள்ளி ஆறு. மேலாளர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போர்டுல போடுங்க மேடம்" என்றார்.

பழைய தாளை எடுத்துவிட்டு அதை ஒட்டினேன். மூன்று காந்தங்கள்தான் இருந்தன. வலது கீழ் மூலை சுருண்டது. விரலால் நீவி விட்டேன், மறுபடி சுருண்டது. ஒட்டும் நாடா போட்டிருக்கலாம். இழுப்பறையில் பழுப்பு நாடாதான் இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். அன்று முழுவதும் வேறு வேலை எதுவும் நான் செய்யவில்லை. பதினொரு ஆண்டில் அப்படி ஒரு நாள் எனக்குக் கிடையாது.

மே 18ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணிக்குக் கேள்விக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லிவிட்டு, "எங்க வீட்ல ஃப்ரிட்ஜே இல்லீங்க. இரும்பு பீரோவும் இல்ல. பிள்ளைக்குக் காந்தத்தை வாங்கி எதுல ஒட்டுறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே என்னிடம் கேட்டார். உள்ளே கேள்விக்காரர் தன் மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவளுடைய நாலுகோட்டு நோட்டு போலவே ஒன்றில் இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். மகள் முதல் வகுப்பு. அவருடைய எழுத்தைவிட அவள் எழுத்து நன்றாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தார். வேண்டாம் என்றேன். தேநீர் வந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?" என்றார்.

கேளுங்கள் என்றேன்.

"அந்தப் படிவத்துல நான் பேரே எழுதலையே. நான்தான்னு எப்படித் தெரிஞ்சுது?"

நான் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தேன். அவரே சொன்னார். "என் எழுத்தாத்தான் இருக்கணும். பெட்டி பெட்டியா அளவு எழுதினவன், எல்லாருக்கும் அத்துப்படி. அது என் தப்புதான், மாத்தி எழுதியிருக்கணும்." பிறகு நோட்டைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். "இனிமே எவனும் கண்டுபிடிக்க முடியாது பாருங்க."

அவர் மனைவியும் சிரித்தார், குழந்தையும் சிரித்தது. நான் குவளையைக் கழுவி வைக்கிறேன் என்று எழுந்து உள்ளே போனேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இரண்டு மாதமாகத் தான் எழுதிய எழுத்தையே திட்டிக்கொண்டிருக்கிறார். அதையும் நான்தான் செய்திருக்கிறேன். அவரிடம் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். அது கோழைத்தனம்.

மே 19ஆம் தேதி ஆய்வாளர் அம்மாவுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டார். பிறகு, "அவங்களுக்கு நான் வாக்குக் குடுத்திருந்தேன்" என்றார். அந்த இருபத்து மூன்றாவது படிவம் இன்னும் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். காவல் நிலையத்தில் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். "எழுதினவர் சரின்னா குடுப்பேன். அவர்கிட்ட நேர்ல போய்க் கேக்காம யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றார். இவ்வளவு நடந்த பிறகும் அப்படிச் சொன்னார். ஒரு வாக்கை இப்படியும் காப்பாற்றலாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று மாலை அக்காவிடம் சொன்னேன். மேலாளர் கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கேட்டிருப்பார். அக்கா, "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. நீ அவருக்கே குழி வெட்டுறியாடி?" என்றாள்.

"அந்த மனுஷன் கையைப் பாத்துட்டு வந்தேன்க்கா."

"இவர் கையில விலங்கு மாட்டுவாங்களே, அதையும் வந்து பாப்பியா?"

மாடிக்குப் போய்ப் பெட்டியில் துணிகளை எடுத்து வைத்தேன். அக்கா தடுக்கவுமில்லை, உதவவுமில்லை. நான் படியிறங்கும்போது அவளுடைய குடையைக் கொண்டுவந்து என் பெட்டியின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மழை தூறிக்கொண்டிருந்தது. மேலாளர் செய்தித்தாளைத் தாழ்த்தவில்லை. பக்கமும் திருப்பவில்லை.

நீல நோட்டையும் மார்ச் 12ஆம் தேதி வருகைப் பட்டியலையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். பிப்ரவரி 4, மார்ச் 20, மார்ச் 21 ஆகிய வரிகளில் எண் 4 காந்தம் போனதும் வந்ததும் மறுபடி போனதும் இருக்கின்றன. அதிகாரி அவர்கள் சான்றுப் பொருள் உறையை வெளியே எடுத்து மஞ்சள் காந்தத்தைத் திருப்பிக் காட்டினார். அடியில் இருக்கும் எண் என் கைப்பட எழுதியது. நாலின் வாலை நான் எப்போதும் கொஞ்சம் இழுத்துவிடுவேன். நோட்டிலும் பட்டியலிலும் அப்படித்தான் இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதனால் எனக்கு என்ன நேரும் என்று அதிகாரி அவர்கள் எடுத்துச் சொன்னார். கேட்டுக்கொண்டேன்.

இந்த வாக்குமூலத்தின் நகல் காயம்பட்டவருக்கும் போகுமா என்று கேட்டேன். போகும் என்றார்கள். என்னிடம் ஞாயிற்றுக்கிழமை அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது என்பதால் கேட்டேன். அவர் எழுத்தால் யாரும் அவரைக் கண்டுபிடிக்கவில்லை. நான் எண்ணினேன்.

எழுதியதைக் காவல் நிலைய எழுத்தர் முழுவதும் வாசித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, ஓரிடம் தவிர. மூன்றாம் பக்கத்தில், நான் பெயரைச் சொன்ன இடத்தில், "மேலாளரின் வற்புறுத்தலின் பேரில்" என்று எழுதியிருந்தார். எனக்கு நல்லது நினைத்துத்தான் எழுதியிருப்பார். அந்தச் சொற்களை அடித்துவிடும்படி கேட்டுக்கொண்டேன். அடித்து, ஓரத்தில் நான் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். மேலாளர் வற்புறுத்தவில்லை. ஒரு முறைதான் கேட்டார்.

(ஒப்பம்)
பணியாளர் துறை எழுத்தர்